முதல் மூன்று மாதத்துக்கு ஓர் அறை

வெளிநாட்டு நிறுவனத்துக்காக இணையம் வழியே வேலை செய்பவர்களுக்கென்று போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் தனி விசாவைத் தொடங்கியது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு மாத வருமானம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் விசா வாங்குவதைவிட வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. லிஸ்பனில் வீட்டு உரிமையாளர் வரி எண் கேட்பார், முன்பணம் கேட்பார், பல நேரம் உள்ளூர் ஜாமீன்தாரரும் கேட்பார். நேற்று வந்து இறங்கியவர் ஜாமீனுக்கு யாரிடம் போவார்?

இங்கேதான் கோ-லிவிங் கைகொடுக்கிறது. தனி அறை, பொதுச் சமையலறை, வேலை பார்க்க ஒரு கூடம். மின்சாரம், தண்ணீர், வைஃபை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். மலிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். எந்தத் தெருவில் வீடு தேடலாம், எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம் என்று சொல்ல, அங்கே முன்பே வந்து அல்லாடியவர்கள் இருப்பார்கள்.

அதற்காகப் பெரிய பெயரை நம்பி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடக் கூடாது. லண்டனில் 2016-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகளோடு கட்டடம் திறந்த ‘தி கலெக்டிவ்’ என்ற கோ-லிவிங் நிறுவனம் 2021-இல் நொடித்தது. அமெரிக்காவின் ‘காமன்’ 2024-இல் திவாலானது. பல நாடுகளில் கிளை பரப்பிய விடுதி நிறுவனமான ‘செலினா’வும் அதே ஆண்டில் விழுந்தது; ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டடங்களுக்குக் குத்தகை கட்டியாக வேண்டிய தொழில் அது.

சின்ன ஊர்களில் நிலைமை வேறு. போர்ச்சுகலின் மதேரா தீவிலுள்ள போன்டா டோ சோல் 2021 பிப்ரவரியில் இணையம் வழியே வேலை செய்பவர்களை வரவேற்கத் தொடங்கியது. அங்குள்ள ஜான் டாஸ் பாஸோஸ் பண்பாட்டு மையத்தில் மேசையும் இணையமும் இலவசம். தங்குமிடத்தை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும். வேலைக்கான இடத்தை ஊரே தந்துவிட்டால், விடுதிக்காரரிடம் நல்ல அறை ஒன்றை மட்டும் கேட்டால் போதும். மற்ற ஊர்களும் பின்பற்ற வேண்டிய முறை இது.

எந்த ஊரானாலும், விடுதியின் விளம்பரப் படத்தில் நீச்சல்குளம் தெரியும், நாற்காலி தெரியாது. எட்டு மணி நேரம் உட்காரப்போவது நாற்காலியில்தான். அமெரிக்கக் குழுவோடு நள்ளிரவில் பேச வேண்டியவர், கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தனியிடம் உண்டா என்று கேட்க வேண்டும். வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். விசாவுக்கு நீண்டகால வாடகை ஒப்பந்தம் கேட்கப்படுவதும் உண்டு. ஆகவே விடுதி தரும் ரசீது செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே தூதரகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.