கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை

"பாருங்கள், எவ்வளவு கெட்ட ரத்தம்!"

கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி இப்படிச் சொன்னதும், குப்புறப் படுத்திருப்பவர் நம்பிவிடுகிறார். கறுத்து, கட்டிகட்டியாக, கூழ்போல் இருக்கிறது. இத்தனை நாளும் இதுவா என் உடம்பில் ஓடியது என்று திகைப்பு. வெளியே வந்துவிட்டதே என்று நிம்மதி. கைபேசியில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார். அடுத்த முகாமுக்கு இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், உப்பளத்தில் குனிந்தும், கடலில் வலை இழுத்தும் முதுகு தேய்ந்தவர்கள் வாழும் ஊர் தூத்துக்குடி. வலிக்கு இங்கே பஞ்சமில்லை. தோலைக் கீறியோ கீறாமலோ கிண்ணம் வைத்து உறிஞ்சும் முறை, ஹிஜாமா, கப்பிங், சீன வைத்தியம் என்று பல பெயர்களில், அந்த வலியிடம் ஒரே வாக்குறுதியோடு வந்து நிற்கிறது: கெட்ட ரத்தம் போனால் நோய் போகும்.

அந்த வாக்குறுதி பொய். அதை நயமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதலில் அந்தக் கறுப்புக் கட்டியைப் பார்ப்போம். ரத்தப் பொரியலுக்காக ஆட்டு ரத்தம் வாங்கியவர்களுக்கு இது தெரியும். சட்டியில் பிடித்த சில நிமிடங்களில் அது உறைந்து கட்டியாகும், நிறமும் கறுக்கும். அதனால் அந்த ஆடு நோய்பிடித்த ஆடு என்று யாரும் சொல்வதில்லை. குழாயை விட்டு வெளியேறினால் உறைவது ரத்தத்தின் இயல்பு. அந்த இயல்பு இல்லாவிட்டால் சிறு காயத்திலேயே செத்துப்போவோம். தோலின் நுண்குழாய்களிலும் சிரைகளிலும் உள்ள ரத்தம் பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டதால் கருஞ்சிவப்பாக இருக்கிறது. கிண்ணத்தில் தெரிவது கழிவு அல்ல, ஆரோக்கியமான உடம்பின் அடையாளம்.

கீறாமல் வைக்கும் கிண்ணத்தில் ரத்தம் வருவதே இல்லை. அங்கே வட்டமான கருநீலத் தழும்புதான் சாட்சி. எவ்வளவு கறுப்போ அவ்வளவு நச்சு என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு இழுவையோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு கறுப்பு. இழுவையில் நுண்குழாய்கள் வெடித்து ரத்தம் தோலுக்கடியில் கசிகிறது. கீழே விழுந்து அடிபட்டு இப்படிக் கன்றிப்போனால் நம் வீட்டில் அதை ரத்தக்கட்டு என்போம், மஞ்சள் பற்றுப் போட்டுக் கரைப்போம். அதே ரத்தக்கட்டைக் காசு கொடுத்து உண்டாக்கிக்கொண்டு, நச்சு இறங்கியது என்கிறோம்.

உடம்பில் கழிவே இல்லையா? இருக்கிறது. அதை நீக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழும். முதுமையடைந்ததும் மண்ணீரலும் கல்லீரலும் அதைச் சிதைத்து இரும்புச்சத்தை மீட்டுக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டில் கெட்ட ரத்தம் முதுகில் போய்த் தேங்குவதற்கு இடமே இல்லை. கீறி உறிஞ்சினால் சிவப்பணு, இரும்பு, புரதம் எல்லாம் சேர்ந்துதான் வரும். நல்லதை விட்டுக் கெட்டதை மட்டும் பொறுக்கும் அறிவு கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கிடையாது.

இத்தனை ஆயிரம் ஆண்டு மக்கள் முட்டாள்களா என்று கேட்பார்கள். இல்லை. சீனத்தில் நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் நூலில் கொம்பு வைத்து உறிஞ்சும் முறை உண்டு. யுனானி மருத்துவத்தில் ஹிஜாமா உண்டு. நம் சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவத்தில் கொம்பு கட்டலும் குருதி வாங்கலும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'சி' என்னும் உயிராற்றல் தேங்கியது என்று சீனம் காரணம் சொல்கிறது. நான்கு நீர்மங்களின் சமநிலை குலைந்தது என்கிறது யுனானி. வளி, அழல், ஐயம் என்று சித்தம் கணக்குப் போடுகிறது. கிண்ணம் ஒன்று, காரணம் மூன்று. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லாத காலத்தில் அறிவாளிகள் ஊகித்த காரணங்கள் அவை. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதையே 1628-ல் வில்லியம் ஹார்வி எழுதிய பிறகுதான் உலகம் ஏற்கத் தொடங்கியது.

பழமைதான் சான்று என்றால் மேற்கத்திய மருத்துவத்தின் பழமையையும் பார்க்க வேண்டும். 1799 டிசம்பர் 14-ல் தொண்டை நோயால் இறந்த அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனிடம் ஒரே நாளில் பல முறை ரத்தம் வாங்கினார்கள், மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல் இருக்கும் என்பது கணிப்பு. அவர் காலத்தின் சிறந்த மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தது அது. 1835-ல் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகளைக் கணக்கெடுத்து, ரத்தம் வாங்குவதில் மருத்துவர்கள் நம்பிய அளவுக்குப் பலன் இல்லை என்று காட்டினார். எண்ணிப் பார்த்ததும் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

"எனக்கு வலி போனதே" என்பவருக்கு என் பதிலை இந்தக் கடலே வைத்திருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, மந்திரிப்பவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாகச் சொல்கிறார். 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசும் கூலி கொடுத்து அவர்களை வைத்திருந்தது. கடல்கட்டி இல்லாமல் குளியாளி கடலில் இறங்கமாட்டான். சுறா கடித்துச் செத்தவர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான படகுகளும் ஆட்களும் எழுப்பிய இரைச்சலே சுறாக்களை விலக்கியது என்று அக்காலத்திலேயே எழுதினார்கள். இரைச்சல் செய்த வேலைக்கு மந்திரம் பங்கு வாங்கியது.

முதுகுவலியும் அப்படித்தான். சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். தாங்க முடியாத நாளில்தான் கிண்ணத்தைத் தேடிப் போகிறோம், அதன் பிறகு இறங்குமுகம்தான். கிண்ணம் பெயர் வாங்கிக்கொள்கிறது. கழுத்துவலி, முதுகுவலிக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்வதை மறைக்கமாட்டேன். அவை பெரும்பாலும் சிறியவை, தரம் குறைந்தவை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் கிண்ணம் பதித்த வட்டங்களை உலகமே பார்த்தது. 2008-ல் பெய்ஜிங்கில் அவர் எட்டுத் தங்கம் வென்றபோது யாரும் கிண்ணத்தைக் காரணம் சொல்லவில்லை.

ஹிஜாமாவை மார்க்க வழிமுறையாகக் கருதிச் செய்பவர்களின் பக்தியோடு எனக்கு வழக்கில்லை. சர்க்கரை தீரும், ரத்தக்கொதிப்பு போகும், மாத்திரையை நிறுத்தலாம் என்று பட்டியல் போடுகிறவர்களோடுதான் வழக்கு. இந்தப் பட்டியல் ஆளைக் கொல்லும். இடது தோளிலும் மேல்முதுகிலும் வரும் வலியை வாய்வுப் பிடிப்பு என்று கிண்ணத்துக்குக் கொண்டுபோகும்போது, அது மாரடைப்பாக இருந்தால் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை சாகிறது. கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு குளிப்பவருக்கு மேலே வந்ததும் மூட்டில் வலி எடுத்தால், காரணம் ரத்தத்தில் கொப்புளிக்கும் நைட்ரஜன் குமிழிகள். பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் இதை 1878-லேயே விளக்கிவிட்டார். அந்தக் குளியாளிக்கு வேண்டியது பிராணவாயுவும் அழுத்த அறைச் சிகிச்சையும். எந்தக் கிண்ணமும் அந்தக் குமிழியை எடுக்காது. ஒருவருக்குக் கீறிய கத்தியும் சரியாகச் சுத்தம் செய்யாத கிண்ணமும் அடுத்தவர் முதுகுக்குப் போனால் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் கூடவே போகலாம்.

இன்னொன்றும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு ரத்தம் போதவில்லை. அவளைப் படுக்கவைத்து, இருப்பதையும் கெட்டது என்று உறிஞ்சுவது வைத்தியமா?

வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை யார் சொல்லியும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், உடம்பில் தெம்பும் போதிய ரத்தமும் இருந்தால், அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போங்கள். அங்கே சோதித்து 350 மில்லி எடுப்பார்கள். பிரசவத்தில் ரத்தம் இழந்த ஒரு பெண்ணின் நரம்பில் அது ஏறும். முகாமில் கெட்ட ரத்தம் என்று கொட்டிவிட்டுப் போனதும் அதே ரத்தம்தான்.