ரிமைண்டர் வந்துச்சு, ஆனா வேலை நடக்கல: உங்க காலண்டருக்கு ஏன் டெம்ப்ளேட் வேணும்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் ஓரத்தில் ஒரு ரிமைண்டர் எட்டிப் பார்த்தது. "அப்பா இன்சூரன்ஸ்". ரெண்டே வார்த்தை. நானே போட்டு வைத்ததுதான். சாயங்காலம் பாத்துக்கலாம்னு டிஸ்மிஸ் அழுத்திட்டேன்.

சாயங்காலம் மறந்து போச்சு. அடுத்த வாரம் ஞாபகம் வந்தப்போ பாலிசி நம்பர் எந்த மெயிலில் இருக்குன்னு தேடினேன், கிடைக்கல, லேப்டாப்பை மூடிட்டேன். அப்புறம் புராஜெக்ட் டெட்லைன், ஊர்ல ஒரு கல்யாணம், எனக்குக் காய்ச்சல். 30 நாள் கிரேஸ் பீரியடும் முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தான் முழிச்சேன்.

ஹெல்த் இன்சூரன்ஸ்ல இதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சவங்களுக்கு வயிறு கலங்கும். வருஷ பிரீமியம் பாலிசியில், கிரேஸ் பீரியடுக்குள் கட்டிட்டா பழைய பாலிசியின் தொடர்ச்சி அப்படியே இருக்கும். (நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கவரேஜ் இருக்காது.) கிரேஸும் தாண்டிட்டா நீங்க புது ஆள். அப்பாவுக்கு 61 வயசு, சர்க்கரை இருக்கு. பழைய பாலிசியில் காத்திருப்புக் காலம் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருந்தது. இப்போ மறுபடியும் மெடிக்கல் டெஸ்ட், வருஷத்துக்கு 11,000 ரூபாய் கூடுதல் பிரீமியம், சர்க்கரை சம்பந்தமான சிகிச்சைக்கு மூணு வருஷம் வெயிட்டிங். அப்பா ஒண்ணும் சொல்லல. "பரவால்லடா, எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னு மட்டும் சொன்னாரு. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

ரொம்ப நாள் என் மறதிதான் காரணம்னு நினைச்சிட்டிருந்தேன். இப்போ அப்படி நினைக்கல. ரிமைண்டர் சரியான நேரத்துக்கு வந்துச்சு, நானும் பார்த்தேன். பிரச்சினை அந்த ரெண்டு வார்த்தையில் இருந்தது. அதைப் பார்த்ததும் மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடுது: பாலிசி நம்பர் தேடணும், வெப்சைட் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்ல, ஓ.டி.பி அப்பாவோட நம்பருக்குப் போகும், இந்த வருஷம் பிரீமியம் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியல. பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேர வேலை மாதிரி தெரியுது. அதனால் தள்ளிப் போடுறோம். சோம்பேறித்தனம்னு பேர் வைக்கிறோம். உண்மையில் அந்த என்ட்ரி காலியா இருக்கு, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்ல வர்றது இதுதான். பண விஷயத்துக்கு ரிமைண்டர் மட்டும் போட்டால் போதாது. வேலைக்கு வேண்டிய எல்லாத்தையும் உள்ளே வைத்த ஒரு டெம்ப்ளேட் வேணும். ஒரு தடவை எழுதி, ஒவ்வொரு வருஷமும் காப்பி எடுத்துப் பயன்படுத்துற மாதிரி. அதை எழுத வேண்டிய நேரம், வேலையைச் செஞ்சு முடிச்ச அடுத்த ஐந்து நிமிஷம். அப்போதான் எந்த மெனுவில் என்ன இருந்தது, எங்கே மாட்டிக்கிட்டோம்னு எல்லாம் பசுமையா இருக்கும். மறுநாள் எழுதலாம்னு விட்டால் பாதி போயிடும்.

இப்போ அதே என்ட்ரி என் காலண்டரில் இப்படி இருக்கு:

"அப்பா ஹெல்த் பாலிசி பிரீமியம் கட்டு, கடைசி நாள் 18.
எவ்வளவு: போன வருஷம் கட்டியது ___. இந்த வருஷ நோட்டீஸ் ___.
எங்கே: இன்சூரன்ஸ் கம்பெனி ஆப், என் மெயில் ஐடியில் லாகின். ஓ.டி.பி அப்பா போனுக்கு வரும், முதல்ல அவருக்கு கால் பண்ணு.
பாலிசி காப்பி: டிரைவில் 'அப்பா மெடிக்கல்' ஃபோல்டர்.
தவறினால்: வெயிட்டிங் பீரியட் முதல்ல இருந்து.
முடிச்சதும்: ரசீதை அதே ஃபோல்டரில் போடு. இந்த என்ட்ரியை டூப்ளிகேட் பண்ணி அடுத்த வருஷத் தேதி போடு."

தலைப்பில் "கட்டு"ன்னு ஒரு வினைச்சொல் இருக்கறதை கவனிங்க. "அப்பா இன்சூரன்ஸ்"ங்கறது ஒரு தகவல். "கட்டு"ங்கறது ஒரு வேலை. சின்ன வித்தியாசம்தான், ஆனா மீட்டிங் நடுவுல பாப் அப் வரும்போது கை டிஸ்மிஸ்ஸுக்குப் போகாமல் ஸ்னூஸுக்குப் போக அது போதும். "தவறினால்" வரியைத் தயவுசெய்து விட்டுடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கு நீங்களே எழுதுற கடிதம் அது. இதுல எது முக்கியம், எது ரெண்டு நாள் தள்ளினாலும் பரவாயில்லன்னு அந்த வரிதான் சொல்லும்.

சரி, எப்படிச் செய்யறது? கூகுள் காலண்டரில் "டெம்ப்ளேட்"னு தனி பட்டன் கிடையாது. அதனால் நான் "டெம்ப்ளேட்"ங்கற பேர்ல தனியா ஒரு காலண்டரே உருவாக்கி, மாதிரி என்ட்ரிகளை எல்லாம் பழைய ஒரு தேதியில் போட்டு வைத்திருக்கிறேன். வேணுங்கறப்போ அந்த என்ட்ரியைத் திறந்து, மூணு புள்ளி மெனுவில் டூப்ளிகேட் அழுத்தி, தேதியை மாற்றி, மெயின் காலண்டருக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஒரு என்ட்ரிக்கு அஞ்சு நோட்டிஃபிகேஷன் வரை வைக்கலாம். ஆனா அதிகபட்சம் நாலு வாரத்துக்கு முன்னாடிதான். இன்சூரன்ஸ் கம்பெனி மாறலாமான்னு யோசிக்கறவங்களுக்கு நாலு வாரம் பத்தாது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி "ஒப்பிட்டுப் பார்"னு தனி என்ட்ரி போடுங்க.

ஆபீஸ்ல கிளாசிக் அவுட்லுக் பயன்படுத்தறவங்களுக்கு வேற வழி இருக்கு. புது அப்பாயின்ட்மென்ட் திறந்து விவரம் எல்லாம் எழுதி, ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் போய், வகையில் அவுட்லுக் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கலாம். திரும்ப எடுக்க நியூ ஐட்டம்ஸ், மோர் ஐட்டம்ஸ், சூஸ் ஃபார்ம் வரை போகணும், கொஞ்சம் சுத்து வழிதான். அவசரத்துக்கு, கன்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கிட்டு பழைய அப்பாயின்ட்மென்டை இழுத்து வேற தேதியில் விட்டாலே காப்பி ஆகிடும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஆபீஸ் காலண்டரில் மீட்டிங் டெம்ப்ளேட் வைச்சுக்கோங்க, உங்க பண விஷயத்தை வைக்காதீங்க. வேலையை விடுற அன்னைக்கு சாயங்காலமே அந்த அக்கவுன்ட் மூடிடும். ஒரு ஃப்ரெண்ட் நாலு வருஷ ரிமைண்டரை ஆபீஸ் அவுட்லுக்கில் வைச்சிருந்தான். கம்பெனி மாறினதும் எல்லாம் ஒரே நாள்ல காணாம போச்சு. எந்த எஃப்.டி எப்போ முதிர்ச்சின்னு பேங்க் பேங்கா போய்க் கேட்டுட்டிருந்தான். பர்சனல் அக்கவுன்ட்லயும் பாஸ்வேர்ட், கார்டு நம்பர் எதுவும் என்ட்ரிக்குள்ள எழுதாதீங்க. எங்கே இருக்குன்னு மட்டும் எழுதுங்க.

"எதுக்கு இவ்வளவு, ஏப்ரல் மாசம் ரிப்பீட் போட்டு விட்டா போதாதா?"ன்னு தோணும். ரிப்பீட் என்ட்ரியில் பழைய தொகை, பழைய தேதி அப்படியே வந்து நிற்கும். வருமான வரி ரிட்டர்னை எடுத்துக்கோங்க. நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025-ல அதை செப்டம்பர் 15-க்குத் தள்ளினாங்க, கடைசியில் இன்னும் ஒரு நாள் கொடுத்து 16 ஆக்கினாங்க. என் டெம்ப்ளேட்டில் "கடைசி நாள் ___, வருமான வரித்துறை தளத்தில் சரிபார்"னு ஒரு வரி இருக்கு. கடைசி வரி: "ஃபைல் பண்ணிய 30 நாளுக்குள் இ-வெரிஃபை". ரிட்டர்ன் போட்டுட்டு வெரிஃபை பண்ணாம விட்டா, போடாத மாதிரிதான். 5 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்து தாமதமானால் 5,000 ரூபாய் லேட் ஃபீ. அந்த ஒரு வரி 5,000 ரூபாய் பெறும்.

பி.பி.எஃப் இன்னொரு நல்ல உதாரணம். ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவில் இருக்கிற குறைந்தபட்ச பேலன்ஸுக்குத்தான் வட்டி. 1.5 லட்சத்தை ஏப்ரல் 5-க்குள் போட்டால் 7.1 சதவீதத்தில் அந்த வருஷ வட்டி 10,650 ரூபாய். ஒரு நாள் தவறி 6-ம் தேதி போட்டால் சுமார் 887 ரூபாய் போச்சு. டாக்ஸ் அவசரத்தில் மார்ச் கடைசி வாரம் போடறவங்களுக்கு அந்த நிதியாண்டில் அந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், எத்தனையோ வீடியோல பார்த்திருப்பீங்க. ஆனா ஏப்ரல் 2-ம் தேதி காலையில் எந்த அக்கவுன்ட்ல இருந்து எவ்வளவு அனுப்பணும்னு உங்க போன் சொல்லுதா?

ஆட்டோ பே பத்தியும் கேப்பீங்க. எஸ்.ஐ.பி, இ.எம்.ஐ-க்கு ஆட்டோ பே நல்லது, நானும் வைச்சிருக்கேன். ஆனா கார்டு காலாவதி ஆனா மேண்டேட் நின்னுடும். இன்சூரன்ஸ்ல பிரீமியம் ஏறினதைக் கவனிக்காமலே பணம் போயிடும். கார்டில் ஆட்டோ பே போட்டிருந்தா 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும். நூறு புரமோஷன் எஸ்.எம்.எஸ் நடுவுல அதை யார் பார்க்கறா? யோசிச்சு முடிவெடுக்க வேண்டிய செலவுக்கு ஆட்டோ பே சரியான கருவி இல்லைங்கறது என் கருத்து.

மெயிலுக்கு வருவோம். ஜிமெயிலில் இந்த வசதி உள்ளேயே இருக்கு, ஆனா தூங்கிட்டிருக்கும். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய், அட்வான்ஸ்டு டேபில் டெம்ப்ளேட்ஸை எனேபிள் பண்ணி, சேவ் பண்ணுங்க. அப்புறம் மெயில் எழுதும் பெட்டியின் மூணு புள்ளியில் டெம்ப்ளேட்ஸ் வந்துடும். மொபைல் ஆப்பில் கிடையாது. நான் வைத்திருப்பது மூணுதான்: ஜூன் 15 தாண்டியும் ஃபார்ம் 16 வரலன்னா ஹெச்.ஆருக்கு ஒன்று, வாடகை ரசீதும் பான் நம்பரும் கேட்டு வீட்டு ஓனருக்கு ஒன்று (பழைய ரெஜிம்ல ஹெச்.ஆர்.ஏ காட்டறவங்க, வருஷ வாடகை 1 லட்சம் தாண்டினால் அவர் பான் வேணும்), பேங்க்குக்குப் புகார் ஒன்று.

இந்த மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேக்காம ஒரு சார்ஜ் பிடிச்சிருப்பாங்க, 590 ரூபாய்னு வைச்சுக்கோங்க. கோபம் வரும், மெயில் எழுத உட்காரணும்னா சலிப்பு வரும், விட்டுடுவோம். டெம்ப்ளேட் இருந்தா ரெண்டு நிமிஷம்: "என் கணக்கில் ### தேதியில் ### ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. எந்த விதியின் கீழ் என்று தெரிவிக்கவும், தவறானால் திருப்பித் தரவும். புகார் எண்ணைப் பதிலில் குறிப்பிடவும்." அனுப்பின கையோட காலண்டரில் 30 நாள் கழிச்சு ஒரு என்ட்ரி. 30 நாளில் பதில் வரலன்னா, வந்த பதில் திருப்தி இல்லன்னா, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் போகலாம். ஆனா முதலில் வங்கிக்கு எழுதியிருக்கணும். மெயில் டெம்ப்ளேட்டும் காலண்டர் டெம்ப்ளேட்டும் ஜோடியா வேலை செய்யறது இங்கேதான்.

நிரப்ப வேண்டிய இடத்தில் ### போடச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு தடவை ஹெச்.ஆருக்கு மூணு வருஷம் பழைய நிதியாண்டோட மெயில் அனுப்பிட்டேன். "எந்த வருஷத்துக்கு வேணும் சார்?"னு பதில் வந்துச்சு. ### இருந்தா கண்ணை உறுத்தும், அனுப்ப மாட்டீங்க.

இன்னொண்ணு, ஆர்வத்துல எல்லாத்துக்கும் டெம்ப்ளேட் போட ஆரம்பிச்சிடாதீங்க. நான் போட்டேன். கரண்ட் பில், கேஸ் புக்கிங், ஓ.டி.டி சந்தான்னு முப்பதுக்கு மேல போச்சு. ரெண்டே மாசத்துல எந்த நோட்டிஃபிகேஷனையும் மதிக்கறதில்லைங்கற நிலைமை. இப்போ ஒன்பதுதான். "மறந்தா பணமோ பாதுகாப்போ போகுமா?"ன்னு கேட்டு, ஆமாம்னு பதில் வந்தா மட்டும்தான் உள்ளே விடுவேன். கரண்ட் பில்லை மறந்தா வீட்லயே யாராவது ஞாபகப்படுத்திடுவாங்க.

போன மாசம் அப்பாவோட புது பாலிசிக்கு ரெண்டாவது ரினியூவல். ஆபீஸ் பஸ்ல உட்கார்ந்தபடியே அப்பாவுக்கு கால் பண்ணி, ஓ.டி.பி வாங்கி, கட்டி முடிச்சேன். கிண்டி தாண்டறதுக்குள்ள ரசீதும் ஃபோல்டருக்குப் போயிடுச்சு. அப்புறம் என்ட்ரியை டூப்ளிகேட் பண்ணி, அடுத்த வருஷத் தேதி போட்டு, அடியில் இருந்த "வெயிட்டிங் முடிய இன்னும் 2 வருஷம்"ங்கற வரியில் 2-ஐ அழிச்சு 1 போட்டேன்.