பகைவனுக்கும் ஒரு முகம் வேண்டும்

போர்க்கால உளவுக் கதை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்கும் உருவம் ஒன்று உண்டு. விறைத்த சீருடை, மார்பு நிறையப் பதக்கங்கள், முறுக்கிய மீசை, மேசைமேல் விரித்த வரைபடம், பக்கத்திலே பாதி குடித்த மதுக்கோப்பை. அவர்தான் பகைநாட்டுப் படை அதிகாரி. வாயைத் திறந்தால் கூச்சல், இல்லையேல் கோரச் சிரிப்பு. முதற்காட்சியில் தன் ஆள் ஒருவனையே சுட்டுத் தள்ளுவார். இறுதிக் காட்சியில் நம் கதாநாயகன் கையால் மாள்வார். நாமும் கைதட்டிவிட்டு எழுந்து வருவோம். அவருக்கு வீடு உண்டா, மக்கள் உண்டா, எதை நம்பி அந்தச் சீருடையை அணிந்தார் என்று நாம் கேட்பதில்லை. கதை எழுதியவரும் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தப் பொம்மைப் பகைவனை நாம் இனியும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பது என் துணிபு. பகைவன்மேல் எனக்குப் பரிவு ஏதுமில்லை. பொம்மையை வென்றவனுக்கு வீரன் என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்பதே என் கேள்வி.

தமிழிலேயே ஒரு சான்று காட்டுகிறேன். 1962ஆம் ஆண்டுச் சீனப் போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1963 செப்டம்பரில் தாதா மிராசி இயக்கத்தில் ‘இரத்தத் திலகம்’ வெளிவந்தது. கல்லூரி மாணவர்களாகிய நமக்கு அந்தப் படம் உறவுடையது. அதன் முற்பகுதி கல்லூரியில் நிகழ்கிறது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகக் காட்சியை அதில் நடித்துக் காட்டுகிறார்கள். மாணவர்கள் பிரியும்போது பாடுவதாகக் கண்ணதாசன் எழுதிய பாட்டு, நம் பிரிவுபசார விழாக்களில் இன்றும் ஒலித்துக் கொண்டிருக்கிறது. பின்பு போர் மூள்கிறது. நாயகன் படையில் சேருகிறான். நாயகியோ சீனப் படை அதிகாரி ஒருவனை மணந்து, அவன் வீட்டிலிருந்தபடியே தாய்நாட்டுக்கு உளவு சொல்கிறாள்.

எவ்வளவு கனமான செய்தி இது! ஒருவன் கையால் மாலை வாங்கி, அவன் உப்பைத் தின்று, அவனையே காட்டிக் கொடுக்க வேண்டும். நாட்டுக்காக ஒரு பெண் இதைவிடப் பெரிய விலை கொடுக்க முடியுமா? ஆனால் அந்தப் பாட்டு நினைவிருக்கும் அளவுக்கு அந்த அதிகாரி நம் நினைவில் இருக்கிறானா? இல்லை. அவன் நல்லவனா கெட்டவனா, அவளை நேசித்தானா இல்லையா என்பது நம் நெஞ்சில் பதியவில்லை. அவன் முகமற்றுப் போனதால் அவள் தியாகமும் பாதி எடை இழந்து போயிற்று. போரின் புண் ஆறாத காலத்தில் எடுத்த படத்தைக் குறை சொல்வது எளிது. அந்நாளில் வேறு விதமாக எடுத்திருக்க முடியுமா என்பது ஐயமே. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதே இடத்தில் நிற்க வேண்டியதில்லை அல்லவா?

ஏறத்தாழ அதே கதைக்கருவை மேக்னா குல்சார் 2018இல் ‘ராஸி’ என்ற இந்திப் படத்தில் எடுத்துக் கொண்டார். கடற்படையில் அதிகாரியாக இருந்த ஹரிந்தர் சிக்கா 2008இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய படம் அது. 1971ஆம் ஆண்டுப் போருக்கு முன், காஷ்மீரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி பாகிஸ்தானியப் படைக் குடும்பம் ஒன்றில் மருமகளாகப் புகுகிறாள். மாமனார் பிரிகேடியர், கணவனும் அவன் அண்ணனும் படை அதிகாரிகள். தலைமுறை தலைமுறையாகச் சீருடை அணியும் மரபுவழிக் குடும்பம்; ஒழுங்கும் மரியாதையும் நிறைந்த வீடு. அந்த வீட்டில் யாரும் கூச்சலிடுவதில்லை. மாமனார் அவளை மகளாகவே நடத்துகிறார். கணவன் அவளுடைய கூச்சமறிந்து விலகி நிற்கிறான். நம் நெஞ்சு பதறுவது இந்த அன்பினால்தான். ஐயப்பட்ட பழைய வேலைக்காரர் அவள் கையால் மாளும்போது நம்மால் கைதட்ட முடிவதில்லை. அவள் செய்தது நாட்டுக்குத் தேவை என்பதையும் மறுக்க முடிவதில்லை. பகைவனுக்கு முகம் கொடுத்ததால் உளவாளியின் வேதனைக்கும் முகம் கிடைத்தது.

“பகைவனைப் பண்புடையவனாகக் காட்டினால் நாட்டுப்பற்று குன்றிவிடாதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குக் கம்பனிடம் விடை இருக்கிறது. இராவணன் செய்தது தவறு என்று கும்பகருணனுக்குத் தெரியும். வீடணன் வந்து அழைத்தும் அவன் அணி மாறவில்லை. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தெரிந்தே சாகப் போகிறான். அதனால் இராமன் புகழ் குறைந்ததா? நிகரற்ற ஒருவனை வென்றான் என்று உயர்ந்தது அல்லவா!

ஏட்டிலே உள்ளதை விட்டு நாட்டிலே நடந்ததைப் பார்ப்போம். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போர்க்களத்தில் பகை டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர் நீத்தான் இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால். அவனுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கினோம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், படைப்பணி ஓய்ந்த அவன் தந்தை தாம் பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அங்கே அவரை வீட்டில் வைத்து உபசரித்த பிரிகேடியர் நாசர், “உங்கள் மகனுடன் போரிட்டவன் நானே, அவன் என் கையால் வீழ்ந்தான்” என்ற செய்தியை அவரிடம் மறைக்காமல் சொன்னார், அவன் வீரத்தையும் வாயாரப் போற்றினார். 1999 கார்கில் போரில் புலிக்குன்றில் மாண்ட பாகிஸ்தானிய கேப்டன் கார்னல் ஷேர் கானின் துணிவை எழுதி, உடலோடு அனுப்பி வைத்தவர் நம் பிரிகேடியர் பஜ்வா. அந்த அதிகாரிக்குப் பின்னர் அவன் நாட்டின் மிக உயர்ந்த விருது கிடைத்தது. இப்படி எழுதியதால் பஜ்வாவின் நாட்டுப்பற்று குறைந்து போயிற்று என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் நாகரசம்பட்டிப் பக்கத்தில் படையில் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவரிடம், “சினிமாவில் வருவது போல எதிரி பயந்து ஓடுவானா, தாத்தா?” என்று கேட்டேன். “அப்படி ஓடுறவனா இருந்தா எங்களை எதுக்குப்பா அந்தக் குளிர்ல நிறுத்தி வைக்கிறாங்க?” என்றார். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

உளவுக்கு நம் மண்ணும் அந்நியமன்று. மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பினிப் படைக்கு ஒற்றர் துறையை நடத்தியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. ஆம்பூரில் இருந்துகொண்டு திப்புவின் நாட்டுச் செய்திகளைத் திரட்டினார். 1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியதை ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளே ஒளிக்கவில்லை. 1792 உடன்படிக்கையால் பாராமகால் கும்பினி கைக்கு வந்தபோது அதை ஆள ரீடையே அனுப்பினார்கள். பகைவனின் பலத்தை உள்ளபடி அறிவதே ஒற்றனின் தொழில். பகைவனைக் கோமாளி என்று எண்ணிய ஒற்றன் எந்நாளும் பிழைத்ததில்லை. வள்ளுவர் ஒற்றாடலைச் சொல்வதற்கு முந்தைய அதிகாரம் கண்ணோட்டம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பகை அதிகாரிக்கு முகம் கொடுப்பது வேறு. அவன் பழியைக் கழுவி விடுவது வேறு. 1971இல் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தானியப் படை மக்கள்மேல் நடத்திய கொடுமை உலகறிந்தது. இலட்சக்கணக்கானோர் நம் நாட்டில் அகதிகளாக வந்து விழுந்தனர். ‘ராஸி’யில் அந்த அழுகுரல் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் குறை. மருமகளிடம் அன்பாகப் பேசும் வாய்தான் அலுவலகத்தில் தாக்குதலுக்கு ஆணையிடுகிறது. அந்த இரண்டையும் ஒரே மனிதனிடத்தில் காட்டும் கதையே முழுமையான கதை. கொடியவன் கொம்பு முளைத்து வருவான் என்று நம்புகிறவர்கள், நல்ல சட்டை அணிந்து நயமாகப் பேசும் கொடுமையை அடையாளம் காணத் தவறிவிடுவார்கள்.

இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள், தோழர்களே. நாம் எல்லைப்புறத்து மக்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், அதைக் கடந்து பெங்களூருக்கும் நாள்தோறும் பிழைக்கப் போகிறார்கள். காவிரியின் பெயரால் 1991 டிசம்பரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓடி வந்தன! 2016 செப்டம்பரில் பெங்களூரில் நம் மாநில வண்டிகள் எரிந்தன. இங்கும் சில இடங்களில் கன்னடர் கடைகள் தாக்கப்பட்டன. பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, மக்கள் குழந்தைகளைச் சுமந்து நடந்தார்கள். வேலையிடத்தில் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன், தேநீரைப் பங்கிட்டுக் குடிப்பவன், ஒரே இரவில் ‘எதிரி’ ஆகிவிடுகிறான். அவனுக்கு ஒரு முகம் உண்டு என்பதை மறந்த பிறகுதானே கல்லை எடுக்க முடிகிறது? முகமற்ற பகைவனைக் கண்டு கைதட்டப் பழகிய கைகளுக்கு அது கடினமான வேலையாகத் தோன்றுவதில்லை.

ஆகவே நம் கல்லூரி நாள் விழாவுக்கு நாடகம் எழுதும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் மேடையில் பகைநாட்டு அதிகாரி வரட்டும். நிமிர்ந்து நிற்கட்டும். தன் நாட்டைத் தான் நேசிப்பதற்கான காரணத்தை அமைதியாகச் சொல்லட்டும். தன் படை செய்த பழிக்கும் அவனே விடை சொல்லட்டும். அதன் பிறகும் நம் வீரன் அவனை வெல்ல வேண்டும். அந்த வெற்றிக்கு எழும் கைதட்டல் சற்றுத் தாமதமாக வரலாம். ஆனால் சிந்தித்துத் தட்டிய கைகளிலிருந்து வரும்.