அடைகாத்த பாம்பும் தெர்மகோல் பெட்டியும்

கேரளத்தில் காசர்கோடு அருகே தேசிய நெடுஞ்சாலை வேலை 2022-ம் ஆண்டில் ஓரிடத்தில் மட்டும் 54 நாட்கள் நின்றுபோயிற்று. வேலைநிறுத்தம் அல்ல, வழக்கும் அல்ல. மண் வளையொன்றில் மலைப்பாம்பு ஒன்று 24 முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்ததுதான் காரணம்.

முட்டைகளை அப்போதே பெட்டியில் எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தத் தாயே ஓர் யந்திரம். பாம்புக்குச் சொந்த உடற்சூடு கிடையாது என்று படித்திருக்கிறோம். இந்திய மலைப்பாம்போ அடைகாக்கும்போது தசைகளை விட்டு விட்டுச் சுருக்கி உஷ்ணத்தை உண்டாக்குகிறது. குளிர் கூடினால் துடிப்பும் கூடும். நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் இதை அளந்து பார்த்து 1966-ல் வெளியிட்டார்கள்.

தாயின் இடத்தை வீட்டுப் பெட்டி பிடிக்க முடியாதா? ஓரளவு முடியும். 'பால் பைதன்' என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்போர் பலர் விலையுயர்ந்த கருவி வாங்குவதில்லை. தெர்மகோல் பெட்டி, அடியில் தண்ணீர், அதில் மீன்தொட்டி ஹீட்டர். தண்ணீருக்கு மேலே ஈர வெர்மிகுலைட் பரப்பிய டப்பாவில் முட்டைகள். சுமார் 31, 32 டிகிரி செல்ஸியஸ் சூட்டில் ஏறத்தாழ இரண்டு மாதம். கேட்க எளிதுதான்! சூடு சில டிகிரி மிஞ்சினால் குஞ்சு ஊனமாகும் அல்லது சாகும். காற்று உலர்ந்தால் முட்டை சுருங்கும். மூடியிலிருந்து நீர் சொட்டினால் அழுகும். ஹீட்டரை மட்டும் நம்பியவர் மின்சாரம் போன இரவில் என்ன செய்வார்? கோழி முட்டையைப் போல இதைப் புரட்டவும் கூடாது. கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பென்சிலால் மேற்புறத்தில் குறியிட்டு, வைத்தபடியே விடுகிறார்கள்.

குஞ்சு பொரித்தவுடன் சட்டமும் வந்து நிற்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2022-ம் ஆண்டுத் திருத்தமும் 2024-ம் ஆண்டு விதிகளும் இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்யச் சொல்கின்றன. வீட்டில் பிறந்தவற்றையும் தெரிவிக்க வேண்டும். விற்கிறவர்கள் இதை வாங்குகிறவரிடம் சொல்வது எத்தனை தடவையோ! நம் நாட்டு மலைப்பாம்பு முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதன் முட்டையைத் தோட்டத்தில் கண்டு, ஆசையினால் வீட்டிலே பொரிக்க வைப்பதும் குற்றமே. வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

காசர்கோட்டில் ஓடுகள் விரியத் தொடங்கிய பிறகே முட்டைகளை இடம் மாற்றினார்கள். வெளிவந்த குஞ்சுகள் காட்டுக்குப் போயின. சாலை வேலையும் தொடர்ந்தது.