பெரியவனுக்கு அம்மை, அத்தைக்கு வளைகாப்பு

பெரியவனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. சின்னவளுக்குப் பத்து மாதம். மதுரையில் இருக்கும் அந்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா, தாத்தா என்று ஆறு பேர். ஒரு வெள்ளிக்கிழமை காலை யூனிஃபார்ம் மாட்டும்போது பெரியவனின் பிடரியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கொசுக்கடியாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார் அம்மா. முந்தைய இரவு பையனுக்கு உடம்பு லேசாகச் சுட்டதே, அதையும் இதையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகிலும் வயிற்றிலும் பதினைந்து இருபது. சிலவற்றின் நுனியில் நீர் கோத்திருந்தது.

அப்பத்தா கிட்டே வந்து பார்த்தார். "முத்துப் போட்டிருக்கு. ஆத்தா வந்திருக்கா" என்றார்.

அடுத்த பத்து நிமிடத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கியது. இனி தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, வெளியாட்கள் வரக்கூடாது. பையனுக்கு இளநீர், மோர், குழைந்த சோறு. தனி விரிப்பு, தனித் தட்டு. இதில் பாதியை மருத்துவரும் அப்படியே சொல்லுவார். வாசலில் தொங்கும் வேப்பிலை, 'இந்த வீட்டுக்குள் வராதீர்கள்' என்று தெருவுக்கே புரியும் அறிவிப்பு. தனிமைப்படுத்துதல் என்ற வார்த்தையைக் கொரோனா காலத்தில்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம். நம் தெருக்கள் வேப்பிலையை வைத்தே அதைச் செய்துகொண்டிருந்தன.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு, அதாவது ஒன்பதாம் நாள், பையனின் அத்தைக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். மாமியார் வீட்டில் வளையல் போட்டு, அன்றே தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. ஐந்து வகைக் கலவை சாதத்துக்கு ஆள் சொல்லியாயிற்று. கண்ணாடி வளையல் வாங்கியாயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பட்டு ரவிக்கை அளவு சரிபார்க்க அத்தை இங்கே வந்திருந்தார். மதியம் முழுக்கப் பெரியவன் அவர் மடியில் தலைவைத்து கார்ட்டூன் பார்த்திருக்கிறான்.

சின்னம்மையின் குணமே இதுதான். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்றிக்கொண்டே இருக்கும். வேப்பிலை கட்டுவதற்குள் புதன்கிழமை கடந்துவிட்டது.

சொல்வதா, வேண்டாமா?

அப்பத்தாவின் கட்சி தெளிவு. "அம்மை போட்ட வீட்டுல இருந்து தாக்கல் சொல்லக் கூடாது. வயித்துப் பிள்ளைக்காரி வேற, பயந்துருவா. தலைக்குத் தண்ணி ஊத்துறவரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதீக." தாத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பையனின் அப்பா கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை இரவுதான் வருவார்.

மருமகளுக்குத் தூக்கம் வரவில்லை. நாத்தனாரிடம் சொன்னால் வளைகாப்பைக் கெடுத்தவர் என்ற பெயர். சொல்லாவிட்டால்? அவருக்கு மருத்துவமெல்லாம் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவர், கர்ப்ப நாட்களில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பது தெரியும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போய் போன் போட்டுவிட்டார்.

"ஏம்மா, ஒன்னு கேக்குறேன், பதறாத. உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?"

"தெரியலையே மதினி. ஏன்?"

விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "நல்லவேளை சொன்னீங்க மதினி. இன்னைக்கு செக்கப்தான். டாக்டர்கிட்ட கேட்டுடுறேன்" என்று பதில் வந்தது.

அந்த ஒரு கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில். மகளுக்கு மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டது, நெற்றித் தழும்பே அதுதான் என்றார் அப்பத்தா. அது மாடிப்படியில் விழுந்த தழும்பு, அம்மை போட்டது மகனுக்கு என்று முதல்முறையாக வாய் திறந்தார் தாத்தா. முப்பது வருடத்துக்கு முந்தைய அம்மைக்கு எந்த வீட்டில் நோட்டு இருக்கிறது? பிள்ளைகளுக்கு எந்த வருடம் என்ன வந்தது என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலாவது ஒரு வரி எழுதி வைப்பது இப்படியொரு நாளில் கைகொடுக்கும்.

மகப்பேறு மருத்துவர் நினைவை நம்பவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே சின்னம்மை வந்தவர் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதம் இருக்கும். இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இல்லையென்றால், தொற்று பட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுப் பாதுகாக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயிறு வளைகாப்பு என்பது புதன்கிழமையிலிருந்து பதினோராவது நாள். அதுவரை யாரும் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

கர்ப்பிணிக்கு ஏன் இத்தனை பதற்றம்? பிள்ளைகளுக்குச் சின்னம்மை பெரும்பாலும் ஒரு வாரக் கஷ்டம். பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வந்தால், நுரையீரல்வரை போகலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரமிருக்காது. பச்சிளம் குழந்தைக்கு அது உயிராபத்து. தொற்றியவருக்குக் கொப்புளம் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைகாப்புப் பந்தலில் அத்தைக்கே தெரியாமல் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியிருக்கலாம். வளையல் போட வரும் கூட்டத்தில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை கைக்குழந்தைகள்!

பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லக் கூடாது என்றுதான் அப்பத்தா நினைத்தார். மருமகள் டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்றார் டீச்சர். அப்படியானால் பையனுக்கு எங்கிருந்து வந்தது?

குயவர் வீட்டுக் காவி

சனிக்கிழமை குழந்தை மருத்துவரைப் பார்த்தார்கள். போவதற்கு முன்பே போனில் அம்மை என்று சொல்லிவிட்டதால், காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்காமல் பின்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டார்கள். (இது எல்லோரும் செய்ய வேண்டிய காரியம்.) அவர் பையனை ஒரு நிமிடம்தான் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது சமீபத்துல அக்கி வந்துச்சா?" என்று கேட்டார்.

அப்பத்தாவின் முகம் மாறியது. இரண்டரை வாரம் முன்னால் அவருக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியிருந்தது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார். அந்த வாரமெல்லாம் பேரன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான்.

அக்கியும் சின்னம்மையும் ஒரே கிருமியின் வேலை. வேரிசெல்லா சோஸ்டர் என்று பெயர். சின்னம்மை ஆறிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் பாதையிலேயே எரிச்சலும் கொப்புளமுமாக எழும். அதுதான் அக்கி. அக்கிக் கொப்புளத்தின் நீர், இதுவரை அம்மை வராத, ஊசி போடாத பிள்ளையின் மேல் பட்டால் பிள்ளைக்கு வருவது சின்னம்மை. துணியால் மூடிவைத்து, பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கவைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். அக்கி எழும்பிய மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் வேதனையும் சீக்கிரம் அடங்கும். காவி எழுதினால் குளிர்ச்சியாக இருக்கலாம். கிருமியை அது ஒன்றும் செய்யாது.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அப்ப நாந்தேன் பிள்ளைக்குக் கொடுத்துட்டேனா?" என்றார். மருமகள் சின்னவளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை? எனக்கும்தான் தெரியல. உள்ள வாங்க, வெயில் அடிக்குது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று மாலை மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னவர், தாக்கல் சொல்லக் கூடாது என்று சொன்ன அதே அப்பத்தா.

அடுத்த நான்கு நாள் அரிப்பு நாட்கள். நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் கையில் மெல்லிய காட்டன் உறை. கேலமைன் லோஷன். காய்ச்சலுக்குப் பையனின் எடைக்கு மருத்துவர் எழுதிய அளவில் பாராசிட்டமால் மட்டும். சின்னம்மைப் பிள்ளைக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு. இபுப்ரோஃபென் மருந்தையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். வாய்க்குள்ளும் கொப்புளம் வந்திருந்ததால் புளிப்பு, காரம் எரிந்தது. அப்பத்தாவின் குளிர்ந்த கூழும் மோரும் அங்கே சரியாக வேலை செய்தன. வேப்பங்கொத்தால் மெல்ல வருடிவிட்டபோதுதான் பையன் தூங்கினான்.

ஒரே இடத்தில்தான் மோதல். ஏழாம் நாள்வரை உடம்பில் தண்ணீர் படக் கூடாது என்றார் அப்பத்தா. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்க வைத்து ஒற்றித் துடைக்கலாம், சொறிந்த புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்க அதுவே நல்லது என்பது மருத்துவர் பேச்சு. கடைசியில் வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உடம்பு மட்டும் குளியல், தலைக்குக் கிடையாது என்று சமாதானம் ஆனது. உடைந்த கொப்புளத்தின் மேல் அரைத்த விழுது எதையும் பூசுவதில்லை என்பதையும் அப்பத்தா ஒத்துக்கொண்டார். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, பிள்ளை தள்ளாடினாலோ, எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். அந்தப் பட்டியலில் எதுவும் நடக்கவில்லை.

ஆத்தாவின் பெயரைச் சொல்லி அப்பத்தா பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் சிறுமியாக இருந்தபோது அம்மை என்றால் பெரியம்மையும்தான். அது ஊர்களையே காலி செய்த நோய். இந்தியாவில் கடைசியாக அது 1975-ல் வந்தது, 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது தடுப்பூசி. சின்னம்மைக்கும் ஊசி இருக்கிறது. இரண்டு தவணை, முதல் தவணையை 15 மாதத்தில் போடலாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இந்த வீட்டில் தள்ளிப்போனதும் அதனால்தான். எத்தனை வீடுகளில் அப்படித் தள்ளிப்போயிருக்கும்!

திங்கள்கிழமை மாலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அத்தைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. எப்போதோ வந்திருக்கிறது, நெற்றித் தழும்பு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

வளைகாப்பு குறித்த நாளிலேயே நடந்தது. பையன், சின்னவள், அம்மா மூவரும் போகவில்லை. தாத்தாவும் அப்பாவும் சீர்த்தட்டோடு போனார்கள். அப்பத்தா போகலாமா என்று மருத்துவரிடமே கேட்டார்கள். அக்கி முழுக்கக் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டதால் தாராளமாகப் போகலாம் என்றார். பெரியவன் வீடியோ காலில், "அத்தை, எனக்கும் வளையல்" என்று முகத்தை நீட்டினான். பொருக்கு முகத்தைப் பார்த்து அத்தை அழ, பந்தலில் இருந்தவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். தாய்வீட்டுக்கு அழைத்து வருவது மட்டும் தள்ளிப்போனது. சின்னவளுக்கும் வந்து போகட்டும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏனென்றால் ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத மற்றவருக்குப் பெரும்பாலும் வந்தே தீரும். சின்னவளுக்கு ஊசி போடலாம் என்றால் ஒரு வயது நிரம்பவில்லை.

வளைகாப்புக்கு அடுத்த நாள் பெரியவனுக்குத் தலைக்குத் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அண்டாவைக் காலையிலேயே மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டார் அப்பத்தா. குளித்து, புதுச்சட்டை போட்டு, தெருமுனை மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு. பத்து நாள் கழித்து அடுப்பில் கடுகு வெடித்த சத்தத்துக்குப் பையன் ஓடிவந்து, "அப்பத்தா, அப்பளம்!" என்றான்.

சரியாகப் பதினாறாம் நாள் சின்னவளின் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி. இந்த முறை யாரும் கொசுக்கடி என்று சொல்லவில்லை. மொத்தமே பதினெட்டுக் கொப்புளம், காய்ச்சல் ஒரே நாள். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினான். பத்துக்கு மேல் வரிசை தப்பும், முதலிலிருந்து ஆரம்பிப்பான். "எனக்குத்தாம்மா நிறைய" என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தான்.