நிலவுப் பாட்டியும் செவ்வாய் முகமும்

நமக்கு நிலவில் பாட்டி வடை சுடுகிறாள். நாம் பிழைக்க வந்த வங்கத்திலோ அதே நிலவில் ஒரு கிழவி ராட்டையில் நூல் நூற்கிறாள். கறை ஒன்றே, கண்டவர் மனம்தான் வேறு.

கதையாக இருக்கும் வரை இதில் தீங்கில்லை. ஆனால் விண்வெளிப் படங்களில் முகம் தெரிகிறது, அதை மூடி மறைக்கிறார்கள் என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி பரவும்போது, உண்மை என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1976 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் வைக்கிங்-1 கலம் செவ்வாயில் ஒரு குன்றைப் படம் பிடித்தது. சாய்ந்த வெயிலின் நிழலில் அது மனித முகம்போல் தெரிந்தது. மூக்குத் துவாரமாகத் தோன்றிய கரும்புள்ளியோ, படம் பூமிக்கு வந்து சேர்ந்தபோது விடுபட்ட தகவல்! யாரும் மறைக்கவில்லை. நிழல் செய்த வேலை என்று சொல்லி நாசாவே சில நாட்களில் படத்தை வெளியிட்டது. 1998-லும் 2001-லும் வேறொரு கலம் மிகத் தெளிவாக எடுத்த படங்களில் முகம் இல்லை, குன்றுதான் இருந்தது.

நாசாவின் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. அரசு ஊழியர் பணியில் செய்த படைப்பு மக்களுக்குச் சொந்தம் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் யாரும் அதை எடுத்துக் கதை கட்டலாம். யாரும் அதை எடுத்துச் சரிபார்க்கவும் செய்யலாம். 2019 செப்டம்பரில் நமது விக்ரம் கலம் நிலவில் விழுந்தது. நாசா பொதுவில் வைத்த படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு அதன் சிதறலை முதலில் கண்டவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் எந்த விண்வெளி நிறுவனத்தின் ஊழியரும் அல்ல. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அதை உறுதி செய்தது. கதவு திறந்திருந்ததால் அல்லவா தமிழன் ஒருவன் உள்ளே போக முடிந்தது?

நம் நாட்டிலோ அரசின் படைப்புக்கு உரிமை அரசுக்கே. அதுவும் வெளியாகி 60 ஆண்டுகளுக்கு. இஸ்ரோ 2020 டிசம்பர் முதல் சந்திரயான்-2 தகவல்களைப் பொதுவில் வைத்து வருவது பாராட்டத்தக்கது. ஆயினும் பார்க்கத் தருவது வேறு. எடுத்து அச்சிடவும், பள்ளிச் சுவரில் மாட்டவும் உரிமை தருவது வேறு. 2023-இல் சந்திரயான்-3 இறங்கிய நாட்களில், நிலவு மண்ணில் அசோகச் சின்னம் பதிந்ததாக ஒரு படம் பரவியது. அது ஓவியர் ஒருவரின் கைவேலை. அசல் படம் எல்லார் கையிலும் இருந்தால் போலிக்கு என்ன வேலை?

தீப்பெட்டி வாங்கும் தொழிலாளியும் வரி கட்டுகிறான். அந்தப் பணத்தில் எடுத்த படங்கள் பொதுச் சொத்து என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிசயப் படம் வந்தால், எடுத்தவர் யார், அசல் எங்கே என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.