நாயாற்றுக்கு வந்து சேராத கடிதம்

முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதி நாயாற்றுக் களப்பைத் தாண்டுகின்ற அந்தப் பிரதேசத்தில், ஒரு வாகனத்துக்கு நேரக்கூடிய உபத்திரவங்கள் யாவும், வாடைக்காற்று கொணரும் உப்பும் காலபோகச் சேறும் கரைமணலுமாக, ஒருங்கே வந்து கூடுகின்றன. தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்கொடுத்து, மண்ணெண்ணெயிலே வாகனங்களை ஓட்டிய வன்னி மக்களுக்கு, யந்திரத்தின் நோயைச் சத்தத்தாலும் புகையின் நிறத்தாலும் அறியும் சாமர்த்தியம் அனுபவத்திலே வாய்த்தது. பழைய மெசி உழவு இயந்திரத்துக்கு அந்த வித்தை இன்றும் போதும். தன் குறையைத் தானே எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் அது போதாது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 என்னும் கோளாறு அறியும் முறையின்படி, பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிதல் தாறுமாறாகத் தவறுகிறது. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துவிட்டது. பி0335 என்றால் கிராங்க் தண்டின் நிலையை அறியும் சென்சரின் மின்சுற்றிலே கோளாறு. மின்சுற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கானரைச் செருகி எண்ணைப் பார்த்த மாத்திரத்திலே புதிய சென்சர் வாங்கச் சொல்லுகின்ற கராச்சுகள் உண்டு. ஆனால் இந்தக் கரையிலே ஓடிய வண்டியின் சொக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், உப்பினால் முனைகளிலே படர்ந்த பச்சைக் களிம்பே சில வேளைகளில் காரணமாக இருக்கும். அதனைத் துடைத்துவிட்டால் தீரும் வியாதிக்கு உதிரிப்பாகத்தின் விலையைக் கொடுப்பது அநியாயம். அதைவிட மோசமானது, பற்றரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, "லைட் போயிட்டுது அண்ணை, இனிப் பயமில்லை" என்று அனுப்பிவைப்பது. கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம் என்ன, வெப்பம் என்ன என்று கணினி குறித்து வைத்த சாட்சியமும் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை விளக்கோடு அழிந்துபோகிறது.

உழவு இயந்திரங்களுக்கும் இந்த யுகம் வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் 50 குதிரை வலுவுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரியிலிருந்து கடுமையான புகை விதிகள் அமுலானமையால், அவற்றிலே கணினி ஆளுகின்ற டீசல் யந்திரங்கள் புகுந்துவிட்டன. அமெரிக்க விவசாயிகளோ, ஜோன் டியர் கம்பெனி கோளாறு அறியும் மென்பொருளைத் தன் முகவர்களுக்கே முழுமையாக வழங்குகிறது என்று நெடுங்காலம் வழக்காடினார்கள். கொலராடோ மாகாணம் 2023இல் விவசாய யந்திரங்களைத் திருத்தும் உரிமைக்கென்றே சட்டம் இயற்றியது. அறுவடை வேளையில் வயல் நடுவே நின்றுபோன யந்திரத்தின் எண்ணை அதன் சொந்தக்காரன் வாசிக்க முடியாதென்பது, என் அபிப்பிராயத்தில், விற்ற பொருளை விற்ற பின்னரும் கைவிடாதிருக்கும் தந்திரம்.

கோளாற்றின் எண்ணையாவது ஒரு ஸ்கானர் காட்டிவிடும். உற்பத்தியிலேயே நேர்ந்த பிழையைப் பெரும்பாலும் ஸ்கானர் காட்டுவதில்லை. அதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, வாகனங்களை மீள அழைத்து, இலவசமாகத் திருத்தித் தரவேண்டும். காடுமேட்டிலே ஓடும் ஆர்இசட்ஆர் வண்டிகள் தீப்பற்றியதால் 2016இல் ஏறத்தாழ 1,33,000 வண்டிகளை மீள அழைத்த பொலாரிஸ் கம்பெனி, குறைகளை உரிய காலத்தில் அரசுக்கு அறிவிக்கவில்லை என்பதற்காக 2018இல் 2 கோடியே 72½ இலட்சம் டொலர் அபராதம் கட்டியது. அங்கே கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது.

இங்கே நமக்கு நெருக்கமானது டகாட்டா கம்பெனியின் காற்றுப்பை விவகாரம். அதிலே வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைத்திரேற்று, ஆண்டுக்கணக்கான உஷ்ணத்தினாலும் ஈரப்பதனாலும் கெட்டு, விபத்தின்போது உலோகக் கூட்டையே சிதறடித்து மனிதரைக் கொன்றபடியால், அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 70 இலட்சம் காற்றுப்பைகள் மீள அழைக்கப்பட்டன. உஷ்ணமும் ஈரமும் நாயாற்றின் நித்திய சுவாத்தியம். ஆயினும் ஜப்பானிலே ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டி கொழும்புக்கு வந்து, பெயர் மாற்றாமல் ஓபின் பேப்பரிலே கைமாறிக் கைமாறி முல்லைத்தீவை அடையும்போது, கம்பெனியின் மீளழைப்புக் கடிதம் பழைய ஜப்பானிய விலாசத்துக்கே போகிறது. அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்த வண்டிகளின் சஷி எண் 17 எழுத்துக்கொண்ட சர்வதேச எண்ணன்று. ஆதலால் அமெரிக்க இணையத்தளத்திலே தேடினாலும் பயனில்லை, ஜப்பானியக் கம்பெனியின் ஜப்பானிய மொழிப் பக்கத்திலேதான் தேடவேண்டும்.

கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கு ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரத்துக்காகப் போகின்ற மீனவரிடமும் கமக்காரரிடமும் இந்தத் தேடலைச் சுமத்துவது நியாயமாகாது. சஷி எண் ஏற்கெனவே அரசாங்கத்தின் பதிவேட்டிலே இருக்கிறது. உற்பத்தியாளரின் மீளழைப்புப் பட்டியலோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அதனை ஒப்பிட்டு, பொருந்துகின்ற வண்டிகளின் அனுமதிப்பத்திரத்தோடு தமிழிலே ஒரு துண்டு அறிவித்தலை இணைத்துக் கொடுக்கலாம். தாம் இறக்குமதி செய்யாத வண்டியைத் திருத்த முகவர்கள் மறுக்கக்கூடும். அது மெய்யான சங்கடந்தான். ஆனால் 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மறுபடியும் திறந்துவிடப்பட்டிருப்பதால், இனி வரும் வண்டிகளுக்கேனும், நிலுவையிலுள்ள மீளழைப்பு எதுவும் இல்லை என்ற சான்றை, துறைமுகத்தை விட்டு வண்டி வெளியேறுமுன்னரே இறக்குமதியாளரிடம் கேட்டு வாங்கச் சுங்கத் திணைக்களத்துக்கு ஒரு விதி போதும்.